புல்லு நைனாவும் பூமியின் சூடும்

கொதிக்கும் பூமியைக் குளிர்விக்க யுகத்துக்கு ஒருவர் பிறக்கிறார். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டுக் கோடையில் அந்த ஒருவர் திருவொற்றியூர் காலடிப்பேட்டையில், கண்டெய்னர் லாரிகளின் ஹாரன் கேட்கும் தூரத்தில், ஒரு சந்துக்குள் குடியிருந்தார். மனித குலத்தின் அடுத்த மூச்சு அவர் கையில் இருந்தது. உண்மையில் அப்போது அவர் கையில் இருந்தது ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் புல்வெட்டும் இயந்திரம். விடிந்ததிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கிறார், கிளம்பவில்லை.

"இன்னா நைனா, ஆட்டோ ஸ்டார்ட் ஆவலியா?" என்று கேட்டுவிட்டுப் போனது சந்து.

குணசேகரன் கயிற்றை இன்னொரு தரம் இழுத்தார். துறைமுகத்துப் பண்டகசாலையில் முதுநிலைக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவர் நாற்காலி கிறீச்சிட்டால் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். "சார்" என்ற சொல் காலையிலிருந்து மாலைவரை அவர்மேல் பூமாரியாகப் பொழிந்துகொண்டிருந்தது. ஓய்வு பெற்ற மறுநாள் மழை நின்றுவிட்டது. சந்தில் யாரும் சார் போடவில்லை. வெறும் "நைனா". புல்தரை போட்ட பிறகு, அதுவும் "புல்லு நைனா".

இயந்திரம் துறைமுக ஏலத்தில் எடுத்தது. எங்கோ ஒரு சீமான் தன் மாளிகையைச் சுற்றியிருக்கும் ஏக்கர் கணக்கான புல்லை வெட்டுவதற்காகச் செய்யப்பட்ட பெட்ரோல் பூதம். குணசேகரன் வீட்டு முன்புறப் புல்தரையோ நாலு கல்யாணப் பாயை விரித்தால் நிறைந்துவிடும். பூதம் ஒரு நடை நடந்தால் மதிற்சுவர் வந்துவிடும். திருப்பினால் துளசிச் செடி போய்விடும். கிளம்பிவிட்டாலோ, நீலப் புகை சந்தை மூடும். கொடியில் காயும் துணிகளில் கரும்புள்ளி விழும். பெண்கள் பழக்கதோஷத்தில் மணலிப் பக்கம் திரும்பி ஃபேக்டரிக்காரர்களை வாயாரத் திட்டுவார்கள். திட்டி முடித்த பிறகுதான், புகை வேறு திசையிலிருந்து வருவது தெரியும்.

"நைனா! பொகை வுட்டுக் கொல்றியே, இன்னாத்துக்கு இது?" என்று பக்கத்து வீட்டுக் கெங்கம்மா மதில்மேல் தலையை நீட்டுவாள். மீன் வியாபாரம் செய்கிறவள். காசிமேட்டில் ஏலம் கேட்டுப் பழகிய தொண்டை.

"கெங்கம்மா, புவி வெப்பமயமாதல் என்று ஒன்று இருக்கிறது," என்பார் குணசேகரன். பெரிய விஷயம் பேசும்போது அவர் வாயில் மேடைத் தமிழ்தான் வரும். "காற்றிலுள்ள கரியமில வாயுவை இந்தப் புல் உறிஞ்சுகிறது. வெட்ட வெட்டத்தான் அது துளிர்க்கும். துளிர்க்கத் துளிர்க்கத்தான் உறிஞ்சும். நான் வெட்டுவது எனக்காக அல்ல. பூமிக்காக."

"பூமி உன்னாண்ட வந்து கேட்டுச்சா? அது கெடக்கட்டும், அருவம்புல்லுக்கு இவ்ளோ கூத்தா?"

"அருகம்புல் இல்லை. பெர்முடா. வெளிநாட்டு ரகம்."

"நல்லா ஏமாத்தி அனுப்பிகிறான் உன்னை. புள்ளையாருக்கு வைக்கிற அருவம்புல்லு எனக்குத் தெரியாதா?"

பூமிக்கு நல்லது செய்கிறவர்களைக் கௌரவிக்க வடசென்னையில் ஒரு மன்றம் இருந்தது. அதன் செயலாளர் வால்டர், காலையில் கடற்கரைச் சாலையில் நடைப்பயிற்சி போகிறவர். ஒருநாள் குணசேகரன் வீட்டு வாசலில் மூச்சு வாங்க நின்றவர், புல்லைப் பார்த்தார், புல்லின் கொள்கை விளக்கத்தையும் நின்ற காலோடு கேட்டார். "ஜூன் அஞ்சு சுற்றுச்சூழல் நாள். 'பசுமைச் செம்மல்' கேடயம் இந்த வருஷம் யாருக்குன்னு தேடிக்கினு இருந்தோம். புரொபசர் சௌக்கத் அலி வந்து பார்த்து ஓகே சொல்லணும். அவ்ளோதான், சார்."

சார்! எத்தனை மாதத்துக்குப் பிறகு! குணசேகரனுக்கு உடம்பு முழுக்கத் துளிர்விட்டது. கேடயத்தை வாசலில் மாட்டினால் சந்தே சார் போடும். கெங்கம்மாகூடப் போடுவாள். போட்டே ஆக வேண்டும்.

வினை தண்ணீர் லாரியில் வந்தது. அந்த வருஷம் ஏரிகள் வறண்டு, குழாய்கள் காற்றை மட்டும் சப்ளை செய்தன. குடிக்க மெட்ரோ வாட்டர் லாரி; மற்றதற்கெல்லாம் முக்கி முக்கித் துப்பும் அடிபம்பு. லாரி எப்போது வரும் என்று லாரிக்கே தெரியாது. அதனால் சந்தில் ஒரு சட்டம். குடத்தை வைத்துவிட்டுப் போனால் குடம் போய்விடும் என்பதால், ஆளுக்கொரு கல்லோ, அறுந்த செருப்போ, ஓட்டை வாளியோ வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். செருப்பு நின்றால் ஆள் நின்ற மாதிரி. யாரும் தாண்டமாட்டார்கள்.

அறுந்த செருப்பு தன்னைப் பிரதிநிதித்துவப்படுத்துவதைக் குணசேகரன் விரும்பவில்லை. கடப்பைக் கல்லில் ஒரு துண்டு வாங்கி, பெயிண்டரிடம் கொடுத்து, மஞ்சள் எழுத்தில் எழுதி வாங்கியிருந்தார்: 'கு. குணசேகரன், முதுநிலைக் கண்காணிப்பாளர் (ஓய்வு)'. செருப்புகளுக்கும் செங்கல்களுக்கும் நடுவே அது தாசில்தார் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

ஒருநாள் லாரி வந்து, கல்லுக்குரியவர் குடங்களைப் பிடித்துப் போய்ப் புல்லில் ஊற்றுவதைக் கெங்கம்மா மதிலுக்கு மேலிருந்து பார்த்துவிட்டாள். அடுத்த லாரிக்கு வரிசையில் கல் இல்லை. கல் குணசேகரன் வாசலில், குப்புறக் கிடந்தது.

"நாங்க குடிக்கத் தண்ணி இல்லாம பேஜாராயி கெடக்கிறோம், நீ புல்லுக்கு ஊத்திகினு கீறியா?" கெங்கம்மாவின் குரல் ரயில்வே கேட் வரை போனது. "குடிக்க எவ்ளோ வேணுமோ புடி. புல்லுக்கு ஒரு சொட்டு போச்சுன்னா உன் கல்லு கடல்ல கெடக்கும்!"

"கெங்கம்மா, வருங்காலச் சந்ததி…"

"வருங்காலச் சந்ததி க்யூல நிக்கட்டும், நான் குடுக்கிறேன்."

சந்து சிரித்தது. குணசேகரன் கல்லைத் தூக்கி அக்குளில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். புல் அந்த வாரமே வெளுத்தது. மறுவாரம் பழுத்தது. யூரியாவைக் கை நிறைய அள்ளி வீசினார். இன்னும் சீக்கிரம் கருகியது. கேடயம் கண்முன்னே காய்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அதிசயம் நடந்தது. குளியலறைச் சுவரோரம் ஆரம்பித்து, மாட்டின் நாக்கு மாதிரி ஒரு பச்சைத் திட்டு புல்தரைக்குள் நீண்டது. சாதாரணப் பச்சை இல்லை. கண்ணைப் பறிக்கிற, கிளிகள் பார்த்தால் வெட்கப்படுகிற பச்சை. ஊரே வற்றிக் கிடக்கையில் அது மட்டும் முழங்கால் உயரத்துக்குத் திமிறியது. குணசேகரன் நெகிழ்ந்தார். தான் வெட்டிய வெட்டும் தூவிய உரமும் வீண்போகவில்லை. புல்லுக்குத் தன் நோக்கம் புரிந்துவிட்டது.

"தீவிரப் பராமரிப்பு," என்று மகள் கார்குழலியிடம் சொன்னார். கல்லூரியில் படிக்கிறவள், எதையும் நம்பாத வயது. "ஒழுங்காகப் பராமரித்தால் புல் காற்றிலிருந்தே ஈரத்தை எடுத்துக்கொள்ளும்."

"நைனா, காத்துல ஈரம் இல்ல. வாசனைதான் கீது," என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள்.

மணலியிலிருந்து வரும் வாசனை என்று குணசேகரன் எடுத்துக்கொண்டார். அந்த வட்டாரத்தில் எந்த வாசனைக்கும் இந்த விளக்கம் பொருந்தும்.

நாக்கின் உயரத்தைக் குறைக்க அன்று மாலை பூதத்தைக் கிளப்பினார். அதிசயமாக முதல் இழுப்பிலேயே கிளம்பியது. சுவரோரம் போய்த் திரும்பும்போது முன்சக்கரம் பொதுக்கென்று தரைக்குள் இறங்கியது. இழுத்தார். சக்கரம் வந்தது. கூடவே, சக்கரம் இருந்த பள்ளத்திலிருந்து வேறொன்றும் மெல்லக் கொப்பளித்து மேலே வந்தது. அது என்னவென்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாதபடி வந்தது.

இயந்திரத்தை அணைத்தார். சந்து முழுக்கத் திடீர் அமைதி. செப்டிக் டேங்க்கிலிருந்து போகும் குழாய் உள்ளே எங்கோ உடைந்திருக்கிறது. புல் தன் நோக்கத்தைப் புரிந்துகொண்டதாக அவர் நினைத்திருந்தார். அது புரிந்துகொண்டிருந்தது வேறொன்றை.

"எனக்கு ஒரு மாசமா தெரியும்," என்றாள் மனைவி யசோதரா, வாசற்படியில் நின்று. "மூக்கு கீறவங்களுக்கெல்லாம் தெரியும். கொத்தனார இட்டுகினு வாங்க, நாளைக்கே அடைச்சிடலாம்."

"அடைச்சா புல்லு செத்துடும், யசோதா." மேடைத் தமிழ் போன இடம் தெரியவில்லை. "அஞ்சாம் தேதி புரொபசர் வராரு. அஞ்சாம் தேதி வரைக்கும் வாயத் தொறக்காத. அப்பால கொத்தனாரு இன்னா, இன்ஜினியரே வரட்டும்."

பள்ளத்தை எதைக் கொண்டு மூடுவது? சுற்றுமுற்றும் பார்த்தார். வரிசையில் இடம் இழந்து வேலையின்றி இருந்த கடப்பைக் கல் கண்ணில் பட்டது. அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது. 'முதுநிலைக் கண்காணிப்பாளர் (ஓய்வு)' மீண்டும் பணியில் சேர்ந்தார்.

இப்போது இன்னொரு கவலை. பச்சை நாக்கு ஒரு மூலையில்தான். மிச்சம் மூன்று பங்கும் வைக்கோல். மூன்று பேர் இருக்கும் வீட்டில் மூன்று பேருக்கான விளைச்சல்தானே இருக்கும்? கணக்கு அவருக்குப் புரிந்தது. பண்டகசாலையில் முப்பது வருஷம் வரவு செலவு பார்த்த மூளை. வரவைக் கூட்ட வேண்டும்.

வியாசர்பாடியிலிருந்து மைத்துனன் பீம்ராவ் வந்து இறங்கினான், மனைவி மக்கள் மாமியாரோடு. "மாமாவே ஃபோன் பண்ணி, வந்து தங்குன்னு கூப்ட்டாரு! நம்பவே முடியலக்கா," என்று யசோதராவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தான். கல்யாணமானதிலிருந்து இந்த வீட்டில் அவன் ஒரு டீக்கு மேல் பார்த்ததில்லை. இப்போது பப்பாளி வந்தது. கொய்யா வந்தது. இலைக்கு இரண்டு வாழைப்பழம்.

"சாப்டு மச்சான், வெக்கப்படாத. இன்னொரு வாயப்பயம்."

"போதும் மாமா, காலைலருந்து பயமாவே துன்னுகினு கீறேன்."

"அதனால இன்னா? காலைல… போனியா? நல்லா போச்சா?"

"போச்சு மாமா."

"சங்கடப்படாத. எத்தினி வாட்டி வேணும்னாலும் போ. நம்ம வூடு மாதிரி நெனைச்சுக்க."

பீம்ராவின் கண்கள் கலங்கின. ஒரு மனிதனுடைய வயிற்றைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யாரும் அவனிடம் விசாரித்ததில்லை.

குணசேகரன் அத்தோடு நிற்கவில்லை. அடிபம்பில் தண்ணீர் வராத வீடுகள் சந்தில் நிறைய. கழிப்பறையை வைத்துக்கொண்டு தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தன. அவர் வாசலில் நின்று, கைகளை விரித்து, "யார் வேண்டுமானாலும் வரலாம். என் வீட்டுக் கழிப்பறை உங்கள் கழிப்பறை. மனிதனுக்கு மனிதன் இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?" என்று அறிவித்தார். இரவும் பகலும் தானே பம்படித்து வாளி நிரப்பி வைத்தார். விடியற்காலையில் வரிசை நின்றது. சந்துக்குத்தான் வழக்கம் இருக்கிறதே: ஒரு செங்கல், ஒரு அறுந்த செருப்பு, ஒரு ஓட்டை வாளி.

கெங்கம்மா மூன்று நாள் முறைத்தாள். நாலாம் நாள் அவளும் தன் செருப்பைக் கொண்டுவந்து வரிசையில் வைத்தாள். திரும்பிப் போகும்போது வாசலில் நின்றாள்.

"உன்ன நான் தப்பா நெனைச்சிட்டேன் நைனா. கல்லத் தூக்கிப் போட்டது தப்புதான்."

"பரவாயில்லை கெங்கம்மா. நாளைக்கும் வா. புருஷனையும் இட்டுகினு வா."

புல் கொழுத்தது. நாக்கு பரவி, விரிந்து, மதிற்சுவரை முட்டியது. வெட்டினால் மறுநாளே மண்டியது. ஜூன் பிறந்தபோது, எண்ணூர் முதல் ராயபுரம் வரை வறண்டு கிடந்த நிலத்தில் ஒரே ஒரு பச்சை மரகதம் மின்னியது.

அஞ்சாம் தேதி ஷாமியானா போட்டார்கள். மைக் கட்டினார்கள். வாசனைக்கு எதிராக நாலு மூலையிலும் ஊதுபத்திக் கட்டைக் கட்டோடு கொளுத்தி வைத்தார் குணசேகரன். பேராசிரியர் சௌக்கத் அலி மெலிந்த உருவம், பெரிய கண்ணாடி. புல்லைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். "மாஷா அல்லா! இந்தக் கோடையிலா?"

குணசேகரனுக்குக் காது இனித்தது. அடுத்த நொடி அது நின்றது. கெங்கம்மா ஒரு பெரிய தட்டோடு வந்துகொண்டிருந்தாள். தட்டு நிறைய டம்ளர்கள். டம்ளர்களில் கரும்பச்சை நிறத்தில் ஏதோ.

"வால்டர் சார் சொன்னாரு, வாக்கிங் போறவங்க எல்லாரும் அருவம்புல்லு ஜூஸ்தான் குடிக்கிறாங்களாம், ஒடம்புக்கு அவ்ளோ நல்லதாம்," என்றாள் முகமெல்லாம் மலர. "நைனா எங்களுக்குச் செஞ்ச ஒதவிக்கு நான் ஒண்ணும் செய்யல. அதான் விடியக்காலைல வந்து, அவரு தோட்டத்துலருந்தே பறிச்சு, இஞ்சி வெச்சு அரைச்சேன். அந்தக் கல்லாண்டதான் நல்லா கொழுகொழுன்னு கீது."

"அருமை!" என்றார் பேராசிரியர். "சொந்தப் புல்வெளியின் சாறு." எடுத்தார், ஒரே மூச்சில் குடித்தார். வால்டர் குடித்தார். பீம்ராவ் குடித்து நாக்கைச் சப்பினான். யசோதராவுக்கும் கார்குழலிக்கும் ஒரே நேரத்தில் அடுப்பு ஞாபகம் வந்து, உள்ளே போய்விட்டார்கள்.

"நைனா, உனக்கு?"

"நான்… அப்பால…"

"வூட்டுக்காரரு குடிக்கலன்னா இன்னா நெனைப்பாங்க?" என்று கெங்கம்மா டம்ளரைக் கையில் திணித்தாள். பேராசிரியர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். குணசேகரன் கண்ணை மூடினார். கேடயத்தை நினைத்தார். குடித்தார். முகம் போன போக்கை மறைக்க, "பிரமாதம்! இன்னும் ஒன்று," என்று கையை வேறு நீட்டித் தொலைத்தார்.

பேராசிரியர் கேள்விகளை ஆரம்பித்தார். "எத்தனை நாளைக்கு ஒருமுறை வெட்டுவீர்கள்?"

"தினமும்," என்றார் குணசேகரன் நெஞ்சை நிமிர்த்தி. "பெட்ரோல் இயந்திரம்."

பேராசிரியரின் முகம் கொஞ்சம் சுருங்கியது. "கார்கூட இவ்வளவு மோசமாகப் புகை விடாதே. உரம்?"

"யூரியா. கை நிறைய."

இன்னும் கொஞ்சம் சுருங்கியது. "யூரியாவிலிருந்து கிளம்பும் வாயு கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூடாக்கும். தண்ணீர்?"

"முதலில் லாரித் தண்ணீர்…"

பேராசிரியர் மைக்கைப் பார்த்தார், வால்டரைப் பார்த்தார், கடைசியில் குணசேகரனை வருத்தத்தோடு பார்த்தார். "மன்னிக்க வேண்டும். புல் உறிஞ்சுவது கைப்பிடி. நீங்கள் விடுவது மூட்டை. இந்தப் புல்வெளி பூமியைக் குளிர்விக்கவில்லை. சூடாக்குகிறது."

சந்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வால்டர் கேடயத்தை மெதுவாக மேஜைக்கடியில் தள்ளினார். "புல்லு நைனா" என்று ஒரு குரல் எழும்பி அடங்கியது.

"ஒரே ஒரு வழியில் மன்னிக்கலாம்," என்று பேராசிரியர் தொடர்ந்தார். "வீட்டுக் கழிவுநீரை வீணாக்காமல் இதற்குப் பாய்ச்சியிருந்தால், அது முன்மாதிரி. கேடயம் என்ன, இரண்டு கேடயம் கொடுக்கலாம். ஆனால் யார் அப்படிச் செய்கிறார்கள்?"

யோசிக்க நேரமில்லை. தள்ளப்பட்ட கேடயத்தின் ஓரம் மேஜைத் துணிக்கு வெளியே பளபளத்தது.

"நான் செய்கிறேன்!" என்றார் குணசேகரன். மைக்கை இழுத்துக்கொண்டார். "நன்மக்களே! தன்னடக்கத்தால் இதுவரை சொல்லவில்லை. இந்தப் புல் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் குடிப்பதில்லை. என் குடும்பமும், என் மைத்துனர் குடும்பமும், ஏன், இந்தச் சந்தே சேர்ந்து வளர்த்த புல் இது! நீங்கள் என் வீட்டுக்கு வந்து தந்தது எதுவும் வீண்போகவில்லை! இதோ!"

சுவரோரம் பாய்ந்து போய், தன் பெயரும் பதவியும் பொறித்த கல்லைப் புரட்டினார். ஊதுபத்திகள் தோற்றன.

எல்லோரும் பள்ளத்தைப் பார்த்தார்கள். பிறகு பள்ளத்தின் ஓரத்தில் கெங்கம்மா பறித்துப் போன புல்லின் மொட்டைக் காம்புகளைப் பார்த்தார்கள். அப்புறம் மெதுவாகத் தங்கள் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார்கள்.

"மீத்தேன். அது இன்னும் சூடாக்கும்," என்றார் பேராசிரியர், யாரிடம் என்றில்லாமல். காலி டம்ளரை மேஜையில் வைக்க முயன்றார், மேஜை கிடைக்கவில்லை.

"மாமா," என்றான் பீம்ராவ். "அதுக்குத்தான் பப்பாளி வாங்கினியா?"

கெங்கம்மா தட்டைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து குணசேகரனைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக, அந்தச் சந்தின் சரித்திரத்திலும் முதல்முறையாக, அவள் குரல் தணிந்து வந்தது.

"இன்னா சொல்றீங்க, சார்?"

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் பேராசிரியர். முகம் வெளுத்திருந்தாலும் கேடயத்தை எடுத்துக் கொடுத்தார். கை தட்ட ஆளில்லை. எல்லோரும் அடிபம்படியில் வாய் கொப்பளிக்கச் செருப்புகளை வரிசையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். குணசேகரன் கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஃபோட்டோவுக்கு நின்றார்.

அன்று அந்தச் சாற்றை இரண்டு டம்ளர் குடித்தவர் அவர் ஒருவர்தான்.